வானத்தைச் செவிமடுத்த பள்ளி

பள்ளியில் மாணாக்கர் பெறும் பயிற்சி இருவகைப்படும். கால அட்டவணைக்கு உட்பட்டு வகுப்பறையில் நிகழ்வது ஒருவகை; வகுப்பு முடிந்த பின்னர், மாணாக்கர் தம் விருப்பினால் மேற்கொள்வது மற்றொரு வகை. சொற்போர் மன்றம், நாடகக் குழு, கையெழுத்துத் திங்களிதழ், தோட்ட வேலை, சாரணர் படை, அறிவியற் கழகம் ஆகியவை இரண்டாம் வகையைச் சார்ந்தன. இவற்றிற்குத் தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆதலின் இவற்றைப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். தேர்வு நெருங்கும் பொழுது பெற்றோரும் ஆசிரியரும் முதலில் நிறுத்தச் சொல்வதும் இவற்றைத்தான். ஆனால் வகுப்பறைக்கு வெளியே வளரும் ஆர்வம் எத்துணை உயரத்திற்குச் செல்ல வல்லது என்பதற்கு, இங்கிலாந்து நாட்டிலிருந்த ஆடவர் பள்ளி ஒன்றின் வரலாறு சிறந்த சான்றாகும்.

அப்பள்ளி இருந்த ஊர் கெட்டரிங் என்பது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நார்த்தாம்ப்டன்ஷயர் என்னும் மாவட்டத்தில் அமைந்துள்ள சிறு நகரம் அது. காலணி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. பெரிய பல்கலைக்கழகமோ, வானாராய்ச்சி நிலையமோ அவ்வூரில் இல்லை. அந்நாட்டில் ‘கிராமர் பள்ளி’ என்று வழங்கிய உயர்நிலைப் பள்ளிகள் பல இருந்தன. பழங்காலத்தில் அவை இலத்தீன் மொழி இலக்கணம் கற்பித்தமையால் அப்பெயர் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அவை கணிதம், அறிவியல், வரலாறு முதலிய எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் பள்ளிகளாகவே விளங்கின. கெட்டரிங் கிராமர் பள்ளியும் அவற்றுள் ஒன்று. அங்கே இயற்பியல் கற்பித்தவர் ஜெஃப்ரி பெரி என்பவர். வேதியியல் கற்பித்தவர் டெரெக் ஸ்லேட்டர் என்பவர். ஸ்லேட்டருக்கு வானொலிக் கருவிகளில் பேரார்வம் உண்டு.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் முதற் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் ஏவியது. 58 செண்டிமீட்டர் குறுக்களவும், ஏறத்தாழ 84 கிலோகிராம் எடையும் உடைய அவ்வுலோகக் கோளம், 96 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகை வலம் வந்தது. வரும்பொழுதே, இடைவிடாது சிற்றொலிக் குறிகளை வானொலி அலையாக அனுப்பிக்கொண்டிருந்தது. அவ்வலைகளை வாங்குவதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றே போதுமானது. உலகெங்கும் வானொலி ஆர்வலர் அக்குறிகளைக் கேட்டு வியந்தனர். கெட்டரிங் பள்ளியில் ஸ்லேட்டர் தம் கருவியின் வாயிலாக அவற்றைக் கேட்பித்தார். நாளிதழில் படித்த செய்தி, தம் செவிக்கே எட்டும் பொருளாயிற்று என்பதை அப்பள்ளியினர் அன்று உணர்ந்தனர்.

அவ்வியப்பு அன்றோடு அடங்கிவிடவில்லை. அஃது ஒரு பாடமாகவும் மலர்ந்தது. 1960-ஆம் ஆண்டு மே மாதம் சோவியத்து நாடு மற்றொரு பெரிய கலத்தை ஏவியபொழுது, பெரியும் ஸ்லேட்டரும் அதன் ஒலிக்குறிகளைக் கொண்டு டாப்ளர் விளைவை மாணாக்கருக்கு விளக்க முற்பட்டனர். டாப்ளர் என்பவர் ஆஸ்திரிய நாட்டு அறிஞர். 1842-ஆம் ஆண்டில் இவ்வுண்மையை எடுத்துரைத்தவர். புகைவண்டி நிலையத்தில் நிற்பவன் இதனை எளிதில் அறிவான். விரைவு வண்டி நிலையத்தை நோக்கி ஊதிக்கொண்டே வரும்பொழுது அதன் ஒலி உச்சமாக இருக்கும். கடந்து செல்லும் கணத்தில் அவ்வொலி சட்டென்று தாழும். ஊதல் மாறவில்லை, வண்டி நெருங்குவதும் விலகுவதுமே கேட்பவன் செவியில் அவ்வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

துணைக்கோளின் வானொலி அலைக்கும் இவ்விதி பொருந்தும். நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் விரைவில் ஓடும் துணைக்கோள் நெருங்கி வரும்பொழுது அதன் அலைவெண் சற்று மிகுந்தும், விலகும்பொழுது குறைந்தும் தோன்றும். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் அளவே. ஆயினும், ஏற்ற வானொலிப் பெட்டியில் அது செவிக்குப் புலனாகும் சுருதி மாற்றமாக ஒலிக்கும். அச்சுருதி மிக விரைந்து தாழும் கணம் எதுவோ, அதுவே துணைக்கோள் கேட்போனுக்கு மிக அருகில் வந்த கணமாகும். அலைவெண்ணை நொடிதோறும் குறித்து வரைபடத் தாளில் வரைந்தால், வளைகோடு ஒன்று கிடைக்கும். அவ்வளைகோட்டிலிருந்து துணைக்கோள் எப்பொழுது கடந்தது, எவ்வளவு விரைவாகக் கடந்தது என்பனவற்றைக் கணக்கிடலாம். பாடநூலில் ஒரு பக்கத்தில் அடங்கிய விதி, இவ்வாறு வானத்தை அளக்கும் கோலாயிற்று.

பாடம் முடிந்தது, வேலை தொடங்கிற்று. மாணாக்கரும் ஆசிரியரும் ஒரு குழுவாயினர். சோவியத்துத் துணைக்கோள்கள் கெட்டரிங்கைக் கடக்கும் வேளைகளில் அவற்றின் ஒலிக்குறிகளைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவரலாயினர். கருவிகள் எளியவை: சிற்றலை வானொலிப் பெட்டி, கட்டடத்தின் மேல் கட்டிய வாங்கிக் கம்பி, திருத்தமான கடிகாரம், வரைபடத் தாள், உலகப் படம் ஆகியவையே. துணைக்கோள் பள்ளி மணியைக் கேட்டு வருவதன்று. அதன் வருகை சில நாள் காலையிலும், சில நாள் மாலையிலும் நேரும். விடுமுறை நாளையும் அது பொருட்படுத்தாது. ஒவ்வொரு முறையும் அது செவிக்கு எட்டுவது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களைத் தவறவிட்டால், அந்நாளின் குறிப்பு வெறுமையாகிவிடும். ஆதலின் நேரந்தவறாமையும் பொறுமையும் அக்குழுவிற்கு இன்றியமையாதனவாயின.

பல நாள்களின் குறிப்புகள் சேர்ந்தபொழுது, ஒழுங்கு ஒன்று புலப்பட்டது. தாழ்ந்த பாதையில் செல்லும் துணைக்கோள் உலகை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஆகின்றன. அந்த 90 நிமிடங்களில் பூமி தன் அச்சில் 22½ பாகை கிழக்கு நோக்கிச் சுழன்றுவிடுகிறது. ஆகவே, அடுத்த சுற்றில் துணைக்கோள் முன்பு கடந்த இடத்தின் மேல் வராமல், நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளிக் கடக்கும். இதனை அறிந்தோர் உலகப் படத்தின் மேல் துணைக்கோளின் பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துவிடலாம்; நாளை எந்நேரத்தில் எவ்வூரின் மேல் அது செல்லும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவ்வாறே, பின்னோக்கிக் கணக்கிட்டு, அது முதன்முதலில் எவ்வழியே விண்ணில் எழுந்தது என்பதையும் ஓரளவு உய்த்துணரலாம்.

அக்காலத்தில் சோவியத்து நாடு ‘காஸ்மாஸ்’ என்னும் பொதுப்பெயரால் வரிசையெண் இட்டுப் பல துணைக்கோள்களை ஏவிவந்தது. ஒவ்வொன்றும் ஏவப்பட்ட பின்னர், அதன் சுற்றுக்காலம், உயரம், பாதையின் சாய்வு ஆகியவை அந்நாட்டுச் செய்தி நிறுவனத்தால் அறிவிக்கப்படும். அஃது எதற்காக ஏவப்பட்டது என்பது பொதுப்படையாகவே கூறப்படும். எங்கிருந்து ஏவப்பட்டது என்பது மறைக்கப்படும். அவற்றுள் சில, ஏறத்தாழ எட்டு நாள்கள் விண்ணில் இருந்து பின்னர் மண்ணுக்குத் திரும்பின. கெட்டரிங் குழு அவற்றின் ஒலிக்குறிகளைத் தொடர்ந்து கேட்டுவந்தது. இவை பிற நாடுகளை நிழற்படம் எடுத்து, அப்படச்சுருளைத் தாய்நாட்டிற்குக் கொணரும் உளவுத் துணைக்கோள்கள் என்பது பின்னர் உலகறிந்த உண்மையாயிற்று.

1966-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் காஸ்மாஸ் 112 ஏவப்பட்டது. அதன் பாதை நிலநடுக்கோட்டிற்கு 72 பாகை சாய்ந்திருந்தது. அதற்கு முன்பு வந்த துணைக்கோள்களின் வழக்கமான சாய்வு 65 பாகையும் 52 பாகையும் ஆகும். இவ்வேறுபாடு கெட்டரிங் குழுவின் கருத்தை ஈர்த்தது. அந்நாள் வரையில் சோவியத்து நாட்டின் பெரிய ஏவுதளமாக வெளியுலகம் அறிந்திருந்தது, நடு ஆசியாவிலுள்ள பைக்கோனூர் ஒன்றே. புதிய துணைக்கோளின் பாதையைப் பின்னோக்கி வரைந்து பார்த்தால், அது பைக்கோனூரோடு பொருந்தவில்லை. அவ்வாறாயின் அது வேறோர் இடத்திலிருந்து எழுந்திருத்தல் வேண்டும். ஆனால் அவ்விடம் யாது?

இவ்விடத்தில் அக்குழுவின் அறிவு முதிர்ச்சி விளங்குகிறது. உலகப் படத்தில் ஒரு பாதை என்பது ஒரு கோடே ஆகும். அக்கோடு பல்லாயிரம் கிலோமீட்டர் நீளம் உடையது. அதன்மேல் எந்தப் புள்ளியும் ஏவுதளமாக இருக்கலாம். ஊகத்தால் ஓர் ஊரைச் சுட்டிப் புகழ் தேடிக்கொள்ள ஒரு கோடு போதும். உண்மையை நிறுவ அது போதாது. அடுத்த மாதங்களில் 72 பாகையை ஒட்டிய சாய்வில் மேலும் சில துணைக்கோள்கள் வந்தன. அவையும் ஏறத்தாழ அதே கோட்டிலேயே சென்றமையால், ஐயத்தை வலுப்படுத்தினவேயன்றி இடத்தைக் காட்டவில்லை. குழுவினர் காத்திருந்தனர், கேட்பதையும் குறிப்பதையும் நிறுத்தவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 14-ஆம் நாள் காஸ்மாஸ் 129 ஏவப்பட்டது. இதன் சாய்வு 65 பாகை. சாய்வை மட்டும் கேட்டவர்க்கு, இதுவும் பைக்கோனூரிலிருந்து எழுந்த பழைய வகைத் துணைக்கோளே என்று தோன்றியிருக்கும். ஆனால் 65 பாகைத் துணைக்கோள்கள் எவ்வெவ்வேளையில் எவ்வாறு கடக்கும் என்பது கெட்டரிங் குழுவிற்குப் பல ஆண்டுக் குறிப்புகளால் நன்கு தெரியும். இத்துணைக்கோள் அவ்வழக்கத்திற்கு மாறாக நடந்தது. இதன் பாதையையும் பின்னோக்கி வரைந்தபொழுது, 72 பாகைக் கோடும் 65 பாகைக் கோடும் சோவியத்து நிலப்பரப்பில் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டின. இரு கோடுகளுக்கும் பொதுவான அவ்விடமே இரண்டு துணைக்கோள்களும் எழுந்த இடமாதல் வேண்டும். உலகப் படத்தில் அங்கே பிளெசெட்ஸ்க் என்னும் சிற்றூரின் பெயர் இருந்தது.

பிளெசெட்ஸ்க், மாஸ்கோ மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், பனியும் பைன் காடும் சூழ்ந்த பகுதியில், ஆர்க்கேஞ்சல் நகருக்குச் செல்லும் இருப்புப் பாதையின் மேல் உள்ளது. 1957-ஆம் ஆண்டிலேயே அங்கே ஏவுகணைத் தளம் கட்டும் வேலை தொடங்கப்பட்டிருந்தது. அமெரிக்க நாட்டு உளவுத்துறை, தன் துணைக்கோள்கள் எடுத்த நிழற்படங்களால் அங்கு ஒரு தளம் இருப்பதை முன்னரே அறிந்திருந்தது. எனினும் வெளியே சொல்லவில்லை. கட்டிய அரசு அதனை மறைத்தது. கண்ட அரசும் அதனை மறைத்தது. பெருங்கருவிகளும் பெருஞ்செல்வமும் உடைய இரு வல்லரசுகள் வாய்மூடியிருந்த காலத்தில், ஒரு பள்ளியின் வானொலிப் பெட்டி அவ்வுண்மையைப் பொதுமக்கள்முன் வைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அச்செய்தி வெளியாகி உலகின் பல நாடுகளுக்கும் பரவிற்று. சோவியத்து அரசு பிளெசெட்ஸ்க் தளத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983-ஆம் ஆண்டிலேயே ஆகும். பதினேழு ஆண்டுகள் கழித்து, கெட்டரிங் குழுவின் கணக்கிற்குக் கணக்கிடப்பட்டவரே சான்று பகர்ந்தனர்.

அக்குழு மறைபொருளைத் திருடவில்லை என்பதும் கருதத்தக்கது. எவர் வீட்டுக் கதவையும் அது தட்டவில்லை. எவர் கடிதத்தையும் பிரிக்கவில்லை. துணைக்கோள் அனுப்பிய அலைகள் உலகோர் அனைவர் தலைமேலும் சென்றன. செய்தி நிறுவனம் அறிவித்த எண்கள் எல்லா நாளிதழ்க்கும் கிடைத்தன. உலகப் படம் எல்லாப் பள்ளியிலும் தொங்கிற்று. எல்லார்க்கும் பொதுவான இம்மூன்றையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்த்தமையே அவர்கள் செய்த செயல். புதுமை காண்பதற்கு வேண்டுவது அரிய பொருளே என்று எண்ணுதல் பிழை. பலரும் காணும் பொருளை முறையாக நோக்கி, நோக்கியதை மறவாது எழுதி, எழுதியதை ஒப்பிட்டு ஆராயும் பழக்கமே அதற்கு வேண்டும்.

இத்தகைய முயற்சிகள் படிப்பைக் கெடுக்கும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வரம்பு மீறிய எதுவும் பிறிதொன்றைக் கெடுக்கும். ஆனால் கெட்டரிங் மாணாக்கர் செய்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நேரத்தை நொடிக்கணக்கில் குறித்தனர், அஃது அளவியல். சுருதி மாற்றத்தை வளைகோடாக வரைந்தனர். அஃது இயற்பியலும் கணிதமும். பாதையை உலகப் படத்தில் இட்டனர், அது புவியியல். மறைத்தோர் யார், ஏன் மறைத்தனர் என்று வினவினர், அது வரலாறு. வகுப்பறையில் வெவ்வேறு மணிகளில் வெவ்வேறு நூல்களாகப் பிரிந்து கிடந்த பாடங்கள், வெளியே ஒரு வேலையில் ஒன்றுகூடின. படிப்பிற்கும் செயலுக்கும் இடையே பாலம் அமைக்கும் முயற்சி படிப்பைக் கெடுப்பதாகாது. அதற்குப் பொருள் தருவதேயாகும்.

அப்பள்ளியின் மாணாக்கர் அனைவரும் வானியலறிஞர் ஆயினர் என்று கூறுதல் பொருந்தாது. குறிப்பேட்டின் பக்கங்கள் பலவும் வியப்பற்ற எண்களால் நிரம்பியவையே. இரைச்சல் மட்டும் கேட்ட நாள்களும் இருந்திருக்கும். ஆயினும் அந்த எளிய நாள்களின் குறிப்புகள் இல்லையெனில், காஸ்மாஸ் 129 வழக்கத்திற்கு மாறாக நடந்தது என்பதை எவரும் அறிந்திருக்க இயலாது. வழக்கம் இன்னதென்று அறிந்தவனுக்கே மாற்றம் புலப்படும். பெருஞ்செயலின் புகழை நாளிதழ் ஒருநாள் பாடும்; அதனைத் தாங்கி நிற்பவை எவரும் பாடாத பல நூறு நாள்களாகும்.

ஆசிரியரின் பங்கும் இங்கு நினைக்கத்தக்கது. பெரியும் ஸ்லேட்டரும் விடை தெரிந்த வினாக்களை மட்டும் மாணாக்கர்முன் வைக்கவில்லை. விடை தமக்கும் தெரியாத வினா ஒன்றை எடுத்துக்கொண்டு, மாணாக்கரோடு சேர்ந்து தேடினர். வகுப்பறையில் ஆசிரியர் அறிந்தவர், மாணாக்கர் அறியாதவர்; அவ்வானொலிப் பெட்டியின் முன்னோ இருசாராரும் தேடுவோர். தவறான எண்ணை எழுதினால் மதிப்பெண் குறைவதில்லை. ஆனால் உண்மை தவறிப்போகும். அதனை உணர்ந்த மாணாக்கன் பிறர் ஏவாமலே திருத்தமாக எழுதக் கற்றுக்கொள்வான்.

பிற்காலத்தில் ‘கெட்டரிங் குழு’ என்னும் பெயர் உலகப் புகழ் பெற்றது. பல நாடுகளில் இருந்த ஆர்வலர் அதனோடு இணைந்து, தத்தம் ஊர்களில் கேட்டவற்றை எழுதியனுப்பினர். சோயூஸ் கலங்களில் சென்ற விண்வெளி வீரர்களின் குரலையும் அக்குழுவினர் கேட்டனர். சோவியத்து விண்வெளிச் செய்திகளைப் பற்றிச் செய்தியாளர் பலரும் பெரியின் கருத்தை நாடினர். 1973-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அவர் 2000-ஆம் ஆண்டில் மறைந்தார். கெட்டரிங் கிராமர் பள்ளியும் காலப்போக்கில் பெயரும் அமைப்பும் மாறி, பின்னர் மூடப்பட்டது. காஸ்மாஸ் 112 மண்ணுக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆயின. அதனை ஏவிய சோவியத்து நாடும் 1991-ஆம் ஆண்டில் கலைந்துபோயிற்று. பிளெசெட்ஸ்க் மட்டும், மறைவு நீங்கிய ஏவுதளமாக, உலகப் படங்களில் இடம்பெற்றுள்ளது.

பள்ளிதோறும் வானொலிக் குழு அமைத்தல் வேண்டும் என்பது இவ்வரலாற்றின் கருத்தன்று. ஒரு பள்ளியில் மழையளவைக் குறிக்கலாம், மற்றொன்றில் ஊரின் பறவைகளையும் மரங்களையும் கணக்கிடலாம், வேறொன்றில் முதியோர் சொல்லும் ஊர் வழக்காறுகளைத் தொகுக்கலாம், நாடகம் எழுதி நடிக்கலாம், இதழ் நடத்தலாம். பொருள் எதுவாயினும், அதனை விருப்போடு தொடங்கி, ஒழுங்கோடு தொடர்ந்து, ஐயம் நீங்கும் வரையில் அவசரப்படாது, கண்டறிந்ததை அச்சமின்றி உலகிற்குச் சொல்லும் துணிவு வேண்டும். இந்நான்கும் அமைந்தவிடத்துச் சிறுவர் முயற்சி என்று எவரும் எளிதாக எண்ணிவிட இயலாது. வல்லரசின் மறைவுக் காட்டையும் ஒரு வரைபடத் தாளில் கண்டுவிடலாம் என்பதைக் கெட்டரிங் மாணாக்கர் மெய்ப்பித்துள்ளனர்.